இடது கண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு

கோழிக்குஞ்சுக்கு ஸ்டிக்கர் பொட்டு வெச்சவன் நானு. நெத்தியில இல்ல, கண்ணு மேல. கோழிக்கு நெத்தி எங்க கீதுன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. அப்போ எனக்கு முப்பத்திநாலு வயசு. சின்னப் பையன் வெளயாட்டுக்குப் பண்ணான்னு தள்ளிவுட முடியாது. கல்யாணம் ஆயி, ரைஸ் மில்லுல பாய்லர் பாத்துக்கினு, மீசையில ரெண்டு நரை எட்டிப் பாத்துக்கினு இருந்த ஆளு. அந்த ஆளு பொண்டாட்டியோட பொட்டு அட்டையில இருந்து பெரிய சைஸா, மெரூன் கலர்ல ஒண்ணு உரிச்சு, கையில குஞ்ச அமுக்கிப் புடிச்சுக்கினு, நாக்கக் கடிச்சுக்கினு ஒட்டறான். நெனச்சுப் பாருங்க. சிரிப்பு வந்தா சிரிங்க. எனக்கு அது பழக்கம்தான்.

உத்திரமேரூர்லேந்து காஞ்சிபுரம் போற ரோட்டுல, வயலுக்கு நடுவுல அந்த மில்லு. புழுங்கல் அரிசி மில்லு. நெல்லத் தொட்டியில ஊற வெச்சு, ஆவியில அவிச்சு, களத்துல கொட்டிக் காய வெச்சு அரைக்கிறது. ஆவிக்குப் பாய்லரு. பாய்லருக்கு உமி. உமி தள்றதுக்கு நானு. தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்போது வாக்குல. காம்பவுண்டுக்குள்ளயே எங்களுக்கு ஒரு ரூம்பு குடுத்திருந்தாங்க. கதவத் தொறந்தா களம். பகல் பூரா அவிச்ச நெல்லு வாசன. ஆவி எழும்பி வெயில்ல கரையறதப் பாத்துக்கினே இருந்தா, களத்துல நடக்கறவங்க தண்ணிக்கடியில நடக்கற மாதிரி ஆடுவாங்க. நான் வேலை செஞ்ச நேரத்தவிட அத்தப் பாத்துக்கினு நின்ன நேரம் ஜாஸ்தி.

எங்க வூட்டுக்காரி கல்யாணம் ஆயி வரும்போது, மாகறல்லேந்து அவங்கம்மா ஒரு கோழியக் கூடையில வெச்சு, மேல பழம்புடவையக் கட்டிக் குடுத்தனுப்பனாங்க. சீருக்கு அண்டா குண்டான் எல்லாம்தான் வந்துச்சு. ஆனா பஸ்ஸுல அவ மடியில வெச்சுக்கினு வந்தது அந்தக் கூடைய மட்டும்தான். கருப்பு ஒடம்பு, கழுத்து மட்டும் தேங்கா நாரு நெறம். நாலு வருசத்துல அவங்கம்மா தவறிட்டாங்க. ஆனா கோழியோட குஞ்சு, குஞ்சோட குஞ்சுன்னு அந்த நாரு நெறக் கழுத்து எங்க வாசல்ல நடந்துக்கினேதான் இருந்துச்சு. அவ அம்மாவப் பத்தி யாருகிட்டயும் பேச மாட்டா. கோழிகிட்ட பேசுவா. "சாப்ட்டியா? இவ்ளோ நேரம் எங்க போயிருந்த?" அந்த ரெண்டு கேள்வியத்தான் மாகறல் வூட்டு வாசல்ல நின்னுக்கினு அவங்கம்மா எங்களக் கேப்பாங்க.

அந்த வருசம் கழிச்சல் நோயி வந்து கோழிங்க ஒண்ணொண்ணா தலையத் தொங்கப் போட்டுச்சு. மிஞ்சினது ஒரே ஒரு பொட்ட. அது பதினொரு முட்ட மேல அடைக்குப் படுத்துச்சு. ஒம்பதாவது நாளு வெடியக்காலம் கீரி வந்து அதுங்கழுத்தக் கடிச்சுட்டுப் பூடுச்சு. நான் எழுந்து வரும்போது எங்க வூட்டுக்காரி பதினொரு முட்டையும் மடியில போட்டு, முந்தானைய மேல மூடிக்கினு, தரையில ஒக்காந்துக்கினு இருந்தா. அழல.

"இன்னும் சூடா கீதுய்யா"ன்னா. "ஒரே ஒரு பொட்டக் குஞ்சு வந்தாப் போதும். வேற இன்னா வேணும்னு நான் உன்ன எப்பனா கேட்டுக்கீறேனா?"

கேட்டதில்ல. அதுதான் என் நெஞ்சுல போய் ஒக்காந்துச்சு.

மில்லுக்குப் பின்னால கால்வா ஓரமா இருளருங்க வூடு ஒரு ஏழெட்டு. அங்கேந்து களத்துல நெல்லு தள்ள ஒரு அம்மா வரும். எங்க வயசுதான். நான் களத்தம்மான்னு கூப்புடுவேன், அது என்ன நைனான்னு கூப்புடும். அதும் வூட்டுக் கோழியும் அதே வாரம்தான் அடைக்குப் படுத்திருந்துச்சு. போய்க் கேட்டோம்.

"பன்னண்டு வெச்சுக்கீறேன் நைனா. அதுக்கே எறக்க பத்தல. இன்னும் பதினொண்ணு சொருகனா அல்லாமே கூமுட்டையாப் பூடும். உங்களுதும் போவும், என்னுதும் போவும்."

சரியாத்தான் சொல்லிச்சு. திரும்பி வரும்போது, எங்க வூட்டுக்காரி மடியத் தாங்கிப் புடிச்சுக்கினு மெதுவா நடக்கறதப் பாத்து, என் வாயி என்னக் கேக்காமயே ஒண்ணு சொல்லிச்சு. "நான் பொரிக்க வெக்கிறேன் மே." கொழாய் ரிப்பேர நானே பாத்துக்கறேன்னு சொன்னா எப்படிப் பாப்பாளோ, அப்படிப் பாத்தா.

பாய்லருக்குப் பின்னால ஒரு சந்து கீது. செங்கல் சொவரு, எந்நேரமும் கதகதன்னு இருக்கும். குளுரு நாள்ல நான் முதுக ஒட்டிக்கினு தூங்கற எடம். எண்ணெ டின்னு ஒண்ண மேல அறுத்து, அடியில உமி கொட்டி, உமி மேல வைக்கப் போட்டு, முட்டைங்கள அடுக்கனேன். அவ வந்து ஒரு கரித்துண்டு, ஒரு துருப்புடிச்ச ஆணி, ஒரு காஞ்ச மொளகா மூணையும் ஓரமா சொருகனா. இடி இடிச்சா முட்ட கலங்கிப் பூடும்னு எங்க பக்கம் அப்படி வெக்கிறது.

"பாய்லர் போடற சத்தத்துல இடி எனக்கே கேக்காது மே, முட்டைக்கு எங்க கேக்கப் போவுது?"

"நீ சும்மா இரு"ன்னா.

மேல ரெண்டு கோணி. கோணிக்கு மேல லாரிக்குக் கட்ற கருப்புத் தார்ப்பாயில ஒரு துண்டு. சூடு வெளிய போவக்கூடாது, அது ஒண்ணு. அட வெச்ச முட்ட மேல ஊரு கண்ணு படக்கூடாதுன்னு சொல்வாங்க, அது ரெண்டு. லாரி டிரைவருங்க, மூட்ட தூக்கறவங்க, நெல்லு புரோக்கருங்கன்னு மில்லுக்கு நாளெல்லாம் ஆளுங்க. ஒருத்தர் கண்ணும் படாத மாதிரி, ஊசி மொன வெளிச்சம்கூட உள்ள போவாத மாதிரி மூடனேன். அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

"அப்பப்போ தொறந்து வையிய்யா"ன்னா அவ. "கோழின்னா எரை எடுக்க எழுந்து போவும் இல்ல? அந்த நேரம் முட்ட சும்மாதான கெடக்கும்."

"கோழிக்குப் பசி மே, போவுது. எனக்குத்தான் நீ சோறு கொண்டாந்து குடுத்துடறியே." நான் சொன்னதுக்கு நானே சிரிச்சுக்கினேன். அவ சிரிக்கல. அவ சொன்னது ஒண்ணும் சாஸ்திரம் இல்ல, பொறந்ததுலேந்து கோழியப் பாத்த பேச்சு. நான்தான் கேக்கல.

காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி முட்டையத் திருப்பி வெக்கணும். அதுக்குக்கூடத் தார்ப்பாய எடுக்க மாட்டேன். தலையையும் ரெண்டு கையையும் உள்ள வுட்டு, கருகும்முன்னு இருட்டுல தடவித் தடவித் திருப்புவேன். வெளிய பாக்கறவங்களுக்கு என் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். ஒருநாள் மொதலாளி வந்து, "இன்னாடா உள்ள?"ன்னாரு. "டிபன்"னேன். களத்தம்மா தெனமும் ஒருவாட்டி வந்து நின்னு, "இன்னா நைனா, இன்னும் எத்தினி நாளு படுக்கை? கொக்கரிச்சு முட்ட போட்டுடாத"ன்னு சொல்லிட்டுப் போவும்.

உள்ள இருந்த அந்த நேரம் இருக்கே, அத்த எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முட்ட சூடு சரியா கீதான்னு பாக்கக் கண்ண மூடிக்கினு, கண்ணு எம மேல வெச்சுப் பாப்பேன். கையவிட அந்தத் தோலுக்குத்தான் நல்லாத் தெரியும். ஒரு முட்டைய இடது எம மேல, ஒண்ண வலது எம மேல. வெளிய பாய்லரு மூச்சு வாங்கிக்கினு இருக்கும். உமி வாசன. வெதுவெதுன்னு ஒரு கனம் கண்ணு மேல ஒக்காந்துக்கினு இருக்கும். கொஞ்ச நாள் போனதும் அந்தக் கனம் உள்ளுக்குள்ள அசையும். என் கண்ணு அசையுதா, அது அசையுதான்னு தெரியாது. நானும் ஏதோ ஓட்டுக்குள்ள மடங்கிப் படுத்துக்கினு கீறேன், வெளிய யாரோ என்னத் திருப்பி வெக்கறாங்கன்னு தோணும். ஒருவாட்டி அப்படியே தூங்கிட்டேன். ஆவி அழுத்தம் ஏறிப்போயி, நெல்லு ஊற வெக்கற தொட்டிக்காரன் கத்திக்கினே ஓடியாந்து காலப் புடிச்சு இழுத்தான்.

இருவத்தொண்ணாவது நாளு ஏழு வந்துச்சு. நாலு வரல. எங்க வூட்டுக்காரி ஏழையும் மொறத்துல போட்டு, வெயில்ல வெச்சு, ஒவ்வொண்ணா கழுத்தப் பாத்தா. எல்லாமே ஈரப் பஞ்சு மாதிரி கெடந்துச்சு, கழுத்து எங்க, வயிறு எங்கன்னே தெரியல. ஆனா அவ பாத்துக்கினே இருந்தா. "பரவால்லய்யா நீ"ன்னா. கல்யாணம் ஆயி அவ எனக்குக் குடுத்த ஒரே சர்ட்டிபிகேட்டு அதுதான்.

களத்தம்மா வூட்டுக் கோழி ரெண்டு நாளு முன்னால பத்து குஞ்சு எறக்கி, களத்துக்குக் கூட்டிக்கினு வந்துச்சு. களத்து ஓரத்துல நொய்யி செதறிக் கெடக்கும், கூடவே பொடிக் கல்லு. ரெண்டு கும்பலும் அங்கதான் மேயும். நான் கயித்துக் கட்டில நெழல்ல போட்டுக்கினு, உமி தள்ளாத நேரமெல்லாம் கவுந்து படுத்துப் பாப்பேன். பாக்கப் பாக்க ஒண்ணு புரிஞ்சுச்சு.

அந்தப் பத்தும் நொய்ய மட்டும் கொத்துது. கல்லத் தொட மாட்டேங்குது. கொத்தறதுக்கு முன்னால வலது கண்ண மண்ணு பக்கம் சாச்சு ஒரு பார்வ, அப்பறம் டக்குனு ஒரு கொத்து. மேல பெராந்து வட்டம் போட்டா, பருந்தத்தான் எங்க பக்கம் அப்படிச் சொல்றது, பத்தும் ஒரே மாதிரி தலைய ஒருக்களிச்சு இடது கண்ணால வானத்தப் பாக்கும். பள்ளிக்கூடத்துல டிரில் பண்ற மாதிரி. வலது கண்ணு மண்ணுக்கு, இடது கண்ணு வானத்துக்கு. ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல ஓடிக்கினு இருக்கும்.

எங்களுது? ஒண்ணு கல்லக் கொத்துது. ஒண்ணு பீடித் துண்டக் கொத்துது. ஒண்ணு என் கால் கட்ட வெரலக் கொத்திட்டு, ருசி புடிக்காம என்னை மொறைச்சுப் பாக்குது. பெராந்து நெழலு ஓடனா ஒண்ணு இந்தப் பக்கம் சாயும், ஒண்ணு அந்தப் பக்கம் சாயும். அதவிடக் கொடுமை, நொய்யி பொறுக்க ஆரம்பிச்சா வானம்னு ஒண்ணு கீறதே மறந்துடும். எங்கேயோ பாத்துக்கினு சோறு துன்றதும், துன்னும்போது வூடு பத்திக்கினாலும் தெரியாம இருக்கறதும் என் கொணம். குஞ்சுங்களுக்கு எங்கேந்து வந்துச்சுன்னு நெனச்சு எனக்குள்ளயே சிரிச்சுக்கினேன்.

எங்க வூட்டுக்காரிக்குச் சிரிப்பு வரல. சொணங்கி ஒண்ணு செத்துச்சு. தாய் இல்லாமதான் இப்படி கீதுங்கன்னு களத்தம்மா கோழிகிட்ட சேத்துவுட்டுப் பாத்தா. அது ஒண்ண மண்டையில கொத்திக் கொன்னுச்சு. காக்கா ரெண்டு. பெராந்து ஒண்ணு. ரெண்டு வாரத்துல மிச்சம் ரெண்டு.

அந்த ரெண்டையும் கையில தூக்கி, எறக்கையையும் வாலையும் விரிச்சுப் பாத்து அவ சொன்னா: "இது சாவலு. இது பொட்ட. வாலு மொளைக்கறதப் பாத்தியா?" பொட்டையோட கழுத்துல, பஞ்சுக்கு நடுவுல, நாரு நெறத்துல நாலு முடி. அதுலேந்து ரெண்டையும் கூடையப் போட்டு மூடி வெச்சுட்டா. அவ பக்கத்துல ஒக்காந்துக்கினா மட்டும் தொறந்து வுடுவா. டிவில சீரியலு ஓடிக்கினு இருக்கும், அவ வாசல்ல குஞ்சு பாத்துக்கினு இருப்பா.

எனக்கோ இதுங்க மட்டும் ஏன் இப்படி கீதுங்கன்னு தெரிஞ்சாவணும். ஒருநாள் பொட்டைய மஞ்சப் பையில போட்டு உத்திரமேரூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால நாலு மாடு, ரெண்டு ஆடு. புதுசா வந்திருந்த டாக்டரு, சின்ன வயசுப் பொண்ணு. என் மொற வந்ததும், "என்னங்க இதுக்கு?"ன்னாங்க.

"மேடம், இதுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்."

பின்னால மாட்டப் புடிச்சுக்கினு நின்னவன் சிரிச்சான். அந்தம்மா சிரிக்கல. எல்லாத்தையும் கேட்டாங்க. எப்படிப் பொரிக்க வெச்சேன்னு கேட்டாங்க. டின்னு, கோணி, தார்ப்பாய் எல்லாம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாவே சொன்னேன்.

"வெளிச்சமே படலையா?"

"ஒரு துளி இல்ல மேடம்."

"அதாங்க"ன்னாங்க. "காலேஜ்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பொரியறதுக்கு முந்தின கடைசி நாளுங்கள்ல குஞ்சு இப்படித்தான் படுத்திருக்கும்." சொல்லிக்கினே ஸ்டூலு மேல ஒக்காந்தபடி தோளச் சுருக்கி, தலைய ஒரு பக்கமா மடக்கிக் காட்டனாங்க. இடது கன்னம் நெஞ்சுல பதிஞ்சு, மொகம் ஒரு பக்கமாத் திரும்பி. "இடது கண்ணு ஒடம்புல புதைஞ்சிருக்கும். வலது கண்ணு ஓட்டுப் பக்கம் பாத்திருக்கும். ஓடு வழியா வர்ற வெளிச்சம் வலது கண்ணுக்கு மட்டும்தான் படும். அந்த வெளிச்சத்துலதான் மூளையில ரெண்டு பக்கமும் வேலையப் பிரிச்சுக்குது. வலது கண்ணு தீனி பாக்க, இடது கண்ணு ஆபத்து பாக்க. தாய்க்கோழி எரை எடுக்க எழுந்து போகுதே, அந்தக் கொஞ்ச நேர வெளிச்சமே போதும். இருட்டுலயே பொரிஞ்சா அந்தப் பிரிவினை சரியா வராது. ரெண்டையும் ஒண்ணாப் பாக்கத் தெரியாது. தாய் கூட இல்லாததும் ஒரு காரணமா இருக்கலாம்."

அந்தம்மா அப்படி மடங்கி ஒக்காந்திருந்தது ஒரு நிமிசம்தான். ஜன்னல் வழியா வெயிலு அவங்க வலது கன்னத்துல அடிச்சுக்கினு இருந்துச்சு. நான் வெளிய வந்து, பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சு, பஸ்ஸு வந்தும் ஏறாம நின்னுக்கினு இருந்தேன். ஓட்டுக்குள்ள செவப்பா, மங்கலா ஒரு வெளிச்சம். அத்த ஒத்தக் கண்ணால பாத்துக்கினு ஒருத்தன் படுத்துக்கினு கீறான். அவனுக்கு அதுதான் ஒலகம், அதுதான் பள்ளிக்கூடம். நான் அதுக்கு மேல தார்ப்பாய் போட்டு மூடிக்கீறேன்.

இத்த எங்க வூட்டுக்காரிகிட்ட சொல்லல. தொறந்து வையின்னு அவ அன்னிக்கே சொன்னதும் டாக்டரு இப்போ சொன்னதும் ஒண்ணுதான் இல்லியா? சொன்னா, அஞ்சு குஞ்சு சாவும் என் கணக்குல ஏறிடும். "டாக்டரு நல்லாத்தான் கீதுன்னாங்க மே"ன்னு முடிச்சுட்டேன்.

ஆனா குத்தவுணர்ச்சியவிட எனக்கு ஆச வந்துச்சு பாருங்க, அதுதான் அசிங்கம். டாக்டரு சொன்னது எங்க குஞ்சுகிட்ட எப்படி கீதுன்னு நானே பாக்கணும்னு ஆச. ஒரு கண்ண மூடனா இன்னாத்தக் கொத்தும்? இன்னொரு கண்ண மூடனா?

அந்த வாரமே அவங்கண்ணன் நெலத்துல நடவுன்னு மாகறலுக்குக் கெளம்பனா. படியில நின்னுக்கினு சொன்னா: "காலையில போய் சாயங்காலம் வந்துடுவேன். தண்ணியும் நொய்யும் கூடைக்குள்ளயே வெச்சுக்கீறேன். கூடையத் தொறக்காத. உன்னக் கையெடுத்துக் கும்புடறேன், தொறக்காத."

"எனக்கு இன்னா வேற வேலை இல்லியா?"ன்னேன்.

பத்து மணிக்குத் தொறந்துட்டேன்.

களத்துல ஒரு கோணிய விரிச்சு, நொய்யையும் பொடிக் கல்லையும் கலந்து தூவனேன். மொதல்ல பொட்டைக்கு வலது கண்ணு மேல பொட்டு ஒட்டி வுட்டேன். ரெண்டு தபா காலால தேச்சுப் பாத்துட்டு, அப்பறம் கல்லு நொய்யின்னு பாக்காமக் கொத்துச்சு. நெல்லு மூட்ட நம்பர் எழுதற சாக்பீஸால தரையில கோடு போட்டுக்கினேன். கல்லுக்கு ஒரு கோடு, நொய்யிக்கு ஒரு கோடு. அப்பறம் அந்த ஸ்டிக்கர உரிச்சுப் போட்டுட்டு, புதுசா ஒண்ணு எடுத்து இடது கண்ணு மேல.

களத்தம்மா பலகையால நெல்லத் தள்ளிக்கினே வந்து நின்னு பாத்துச்சு. "இன்னா நைனா, பொண்ணு பாக்க வராங்களா? அக்கா இருந்தா உன் கண்ணுல ஒட்டியிருக்கும்."

"ஒரு ஆராய்ச்சி"ன்னேன்.

"ஆராய்ச்சிய நெழல்ல வெச்சுக்கோ. காலையிலேந்து பெராந்து சுத்திக்கினு கீது."

"பாத்துக்கறேன், பாத்துக்கறேன்."

கவுந்து படுத்தேன். கன்னத்துல களத்து சூடு. குஞ்சு கண்ணு மட்டத்துக்கு என் கண்ண எறக்கி வெச்சுக்கினேன். அங்கேந்து பாத்தா ஒவ்வொரு நொய்யும் ஒரு பாறாங்கல்லு மாதிரி, நெல்லுக் குமி ஒரு மலை மாதிரி. ஆவி தரைய ஒட்டி ஓடுது. மெரூன் பொட்டு வெச்ச அந்தச் சின்னத் தலை, மண்ணப் பாக்குது, கொத்துது, மண்ணப் பாக்குது, கொத்துது. நொய்யி, நொய்யி, கல்லு, நொய்யி. என் ஒடம்புல எடையே இல்ல. பாய்லரு சத்தம் தூரத்துல, யாரோ தூங்கறவங்க மூச்சு மாதிரி. முட்டைக்குள்ள அது பாக்காத வெளிச்சம் அல்லாம் இப்போ மொத்தமா அது மேல கொட்டிக்கினு கீதுன்னு நெனச்சேன். இதுக்கு மேல எனக்கு எந்த ஒலகமும் வேணாம்னு இருந்துச்சு.

"நைனா! மேல பாரு! மேல!"

தலையத் தூக்கனேன். வலது பக்கம் பாத்தேன். பெராந்து இடது பக்கமா வந்துச்சு. காத்து மட்டும் கன்னத்துல அடிச்சுச்சு, வெசிறி வீசன மாதிரி. சாவலு எப்பவோ கட்டிலுக்கடியில ஓடிப்போயிருந்துச்சு. கோணி மேல நொய்யும் கல்லும் அப்படியே கெடந்துச்சு. களத்தம்மா பலகையத் தூக்கிக்கினு, கத்திக்கினு, காம்பவுண்டு செவுரு வரைக்கும் ஓடிச்சு. நான் ஓடக்கூட இல்ல. நின்னுக்கினு இருந்தேன். மேல, ரொம்ப மேல, குஞ்சு ஒருவாட்டி கீச்சுன்னு கத்துன மாதிரி இருந்துச்சு.

களத்தம்மா மூச்சு வாங்கிக்கினு திரும்பி வந்து, தரையில சாக்பீஸ் கோட்டப் பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. "நான் அக்காகிட்ட சொல்ல மாட்டேன்"னு சொல்லிச்சு. "நீயே சொல்லு." அதுக்கப்பறம் ரெண்டு வாரம் என்கூடப் பேசல.

சாயங்காலம் அவ வந்தா. காலுல நடவுச் சேறு காஞ்சிருந்துச்சு. கூடையத் தூக்கிப் பாத்தா.

"பொட்ட எங்கய்யா?"

"பெராந்து தூக்கினு பூடுச்சு மே. தண்ணி மாத்தலாம்னு தொறந்தேன், ஒரு நிமிசம்தான்."

அவ கூடைய மறுபடி கவுத்து வெச்சா. உள்ள சாவலு மட்டும் கீச்சு கீச்சுன்னுது. கையக் காலக் கழுவிக்கினு வந்து சோறு போட்டா. "நீ இன்னா பண்ணுவ, அது வயித்துக்கு அது வருது"ன்னா. பொட்டு அட்டையில ரெண்டு கொறையறத அவ பாத்தாளோ இன்னாவோ, கேக்கல. அந்தச் சோத்த நான் எப்படி முழுங்கனேன்னு எனக்குத் தெரியாது. ஆனா மிச்சம் வெக்காம முழுங்கிட்டேன், அதையும் சொல்லணும்.

சாவலு பெருசாச்சு. கால்வா ஓரத்துக் குடிசைங்க வரைக்கும் போய்ட்டு வரும். அந்தப் பக்கக் குஞ்சுங்கள்ல ஒண்ணு ரெண்டுக்குக் கழுத்து நாரு நெறத்துல வந்துச்சுன்னு களத்தம்மா ஒருநாள் ஒரு பொட்டைய எடுத்தாந்து நீட்டிச்சு. எங்க வூட்டுக்காரி கையில வாங்கித் தடவிப் பாத்தா. "நீயே வெச்சுக்கோம்மா"ன்னு திருப்பிக் குடுத்துட்டா. அதுக்கப்பறம் எங்க வூட்டுல கோழி வளக்கல.

நானு? நான் அத்தக் கதையாக்கிட்டேன். கதையாக்காம இருந்தா அது உள்ளயே கெடந்து நாறும், அதுக்காக. மொதல்ல பாய்லருகிட்ட தொட்டிக்காரனுக்குச் சொன்னேன். அப்பறம் டீக்கடையில. சொல்லச் சொல்ல மெருகு ஏறிச்சு. பெராந்து குஞ்சத் தூக்கிக்கினு கூட்டுக்குப் போவுது, பெராந்து பொண்டாட்டி பாக்குது, "இன்னாய்யா, கொழம்புக்குக் கோழி எடுத்தாரச் சொன்னா பொட்டு வெச்ச பொம்பளையக் கூட்டியாந்துக்கீற"ன்னு சண்டை. அந்த எடத்துல நான் பெராந்து பொண்டாட்டி மாதிரி இடுப்புல கைய வெச்சுக் காட்டுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாங்க. எங்க வூட்டுக்காரி இல்லாத எடமாப் பாத்து மட்டும்தான் சொல்வேன். எட்டு வருசம் அப்படிப் பாத்துச் சொன்னவன், ஒருநாள் பாக்காம சொல்லிட்டேன்.

மாகறல்ல அவங்கண்ணன் பேத்திக்குக் காது குத்தல். சாப்ட்டு முடிச்சு, ஆத்துக் காத்து வர்ற பக்கமா பாய் போட்டு எல்லாரும் சாஞ்சுக்கினு இருந்தோம். அரத் தூக்கம். மரத்து நெழலு மேல ஆடிக்கினு கீது. யாரோ, "மாமா, ஏதாவது சொல்லுங்க"ன்னாங்க. கண்ண மூடிக்கினே ஆரம்பிச்சேன். பொட்டு அட்ட, மெரூன் கலரு, சாக்பீஸ் கோடு, பெராந்து, பெராந்து பொண்டாட்டி. சிரிப்புச் சத்தம் எழும்பி எழும்பி வந்துச்சு. அவங்கண்ணன் கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. அந்தச் சொகத்துலயே கண்ணத் தொறந்தேன். தண்ணிச் சொம்போட அவ என் தலமாட்டுல நின்னுக்கினு இருந்தா. எவ்ளோ நேரமா நின்னாளோ தெரியாது. சொம்ப என் பக்கத்துல வெச்சுட்டு உள்ள போனா.

திரும்பும்போது பஸ்ஸுல கூட்டம் இல்ல. அவ ஜன்னல் ஓரம். வயலு, கரும்பு, செங்கல் சூளை எல்லாம் சாயங்கால வெளிச்சத்துல பின்னால போய்க்கினு இருந்துச்சு. நானே ஆரம்பிச்சேன். "சும்மா தமாஷுக்குச் சொன்னது மே."

அவ வெளியவே பாத்துக்கினு சொன்னா:

"இத்தினி வருசமா அந்தப் பெராந்தத் திட்டிக்கினு இருந்தேன்யா நானு. திட்ட வேண்டிய ஆளு பக்கத்துலயே படுத்துக்கினு இருந்துக்கீது."